பெட்டி கட்டும் முன் ஃபைலைக் கட்டுங்கள்! வெளிநாடு செல்லும் நர்ஸ்கள் கவனிக்க வேண்டியவை

இரவு ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்ததும், பீரோவின் மேல் தட்டிலிருந்து ஒரு பழைய ஃபைலை இறக்குகிறார் ஒரு நர்ஸ். வயது 31. பெங்களூரில் ஜி.என்.எம் டிப்ளமோ படித்தவர். நாகர்கோவிலில் ஒரு சின்ன நர்ஸிங் ஹோமில் மூன்று வருடம், சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஐ.சி.யூ-வில் ஐந்து வருடம் வேலை பார்த்திருக்கிறார். வீட்டில் கணவர், மூன்று வயது மகள், மாமியார். இங்கிலாந்து போய்விடலாம் என்று முடிவெடுத்துவிட்டார். ஆங்கிலத் தேர்வும் பாஸ்.

ஃபைலைத் திறந்தால்தான் தெரிகிறது. பத்தாம் வகுப்பு சான்றிதழில் பெயருக்கு முன்னால் அப்பாவின் இனிஷியல். டிப்ளமோவில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் போயிருக்கிறது. பாஸ்போர்ட்டிலோ கணவரின் பெயர். முதலில் வேலை பார்த்த நர்ஸிங் ஹோம் மூடப்பட்டு இரண்டு வருடம் ஆகிறது.

இது ஒரு வீட்டுக் கதையில்லை. வெளிநாடு போகத் துடிக்கும் பல நர்ஸ்களின் வீடுகளில் இதில் ஒன்றாவது இருக்கும். அத்தனையையும் சேர்த்து ஒருவருக்கு வந்ததாக இங்கே வைத்துக்கொள்வோம். இவர்களுக்கு வேலை தெரியும், அனுபவமும் இருக்கிறது. ஆனால், அதையெல்லாம் இன்னொரு நாட்டுக்குக் காகிதத்தில் நிரூபிக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

நம் ஊர் ஆர்.என் அங்கே ஏன் செல்லாது?

டிரைவிங் லைசென்ஸ் மாதிரிதான். சென்னையில் இருபது வருடம் பஸ் ஓட்டியவராக இருந்தாலும், லண்டனில் ஸ்டீயரிங்கைப் பிடிக்க அந்த ஊர் லைசென்ஸ் வேண்டும். நர்ஸிங்கும் அப்படியே.

நம் நாட்டில் நர்ஸிங் கல்விக்கான தரத்தை இந்திய நர்ஸிங் கவுன்சில் வகுக்கிறது. ஆனால், 'பதிவு பெற்ற நர்ஸ்' என்ற எண்ணைத் தருவது மாநில கவுன்சில்கள். இங்கே தமிழ்நாடு செவிலியர்கள் மற்றும் தாதியர்கள் கவுன்சில். படிப்பை முடித்து இங்கே பதிவு செய்தால் ஆர்.என், ஆர்.எம் என இரண்டும் கிடைக்கும். அதாவது நர்ஸ், மகப்பேறு தாதி இரண்டுமே.

இங்கிலாந்தில் நர்ஸ் பதிவு வேறு, மிட்வைஃப் பதிவு வேறு. நர்ஸிங்கிலும் பெரியவர்கள், குழந்தைகள், மனநலம், கற்றல் குறைபாடு என நான்கு பிரிவுகள். நம் ஊரிலிருந்து போகும் பெரும்பாலானோர் 'பெரியவர்கள்' பிரிவில்தான் விண்ணப்பிக்கிறார்கள். இங்கே நூறு பிரசவம் பார்த்த கையாக இருந்தாலும், அந்தப் பதிவை வைத்து அங்கே பிரசவ வார்டில் மிட்வைஃபாக நிற்க முடியாது. இதைக் கிளம்பும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

முதல் முடிச்சு: பெயர்

தமிழ்நாட்டு விண்ணப்பங்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். வெளிநாட்டுப் படிவத்தில் 'சர்நேம்' என்ற கட்டம் காலியாக இருந்தால் கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்கே போகாது. பாஸ்போர்ட் எடுக்கும்போது அப்பா பெயரை அங்கே போட்டிருப்போம். கல்யாணத்துக்குப் பிறகு புதுப்பிக்கும்போது சிலர் கணவர் பெயரைப் போட்டிருப்பார்கள். கல்லூரிச் சான்றிதழிலோ வெறும் ஓர் எழுத்து.

நமக்கு இதில் குழப்பமே இல்லை. ஆனால், எங்கோ ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து கோப்பைப் பார்க்கும் அதிகாரிக்கு இவர்கள் மூன்று வேறு ஆட்கள்.

என்ன செய்யலாம்? பெயர் மாறியது கல்யாணத்தால் என்றால், திருமணப் பதிவுச் சான்றிதழ் கட்டாயம் கையில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2009-ம் ஆண்டு சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்தாக வேண்டும். ஆனாலும் மண்டப ரசீதையும் பத்திரிகையையும் பத்திரமாக வைத்துக்கொண்டு, பதிவை மறந்துவிடுகிற வீடுகள் உண்டு. பெயரையே மாற்ற வேண்டும் என்றால் தமிழ்நாடு அரசிதழில் வெளியிடுவதுதான் உறுதியான வழி. இனிஷியலின் விரிவு மட்டும்தான் பிரச்னை என்றால், நோட்டரி முன் கையெழுத்திட்ட உறுதிமொழிப் பத்திரத்தைச் சில அமைப்புகள் ஏற்கும். எது செல்லும் என்பதை, விண்ணப்பிக்கும் அமைப்பிடமே மின்னஞ்சலில் கேட்டு, வந்த பதிலையும் ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த நாட்டுக்கு எப்போது போவதென்று தெரியாவிட்டாலும், பெயர்த் திருத்தத்தை இன்றைக்கே தொடங்கலாம்.

இரண்டாவது முடிச்சு: எங்கே படித்தோம், எங்கே பதிந்தோம்

பெங்களூரில் படித்துவிட்டுச் சென்னையில் வேலை பார்க்கும் நம் நர்ஸ் மாதிரி தமிழ்நாட்டில் நிறைய பேர் இருக்கிறார்கள். முதல் பதிவு கர்நாடகக் கவுன்சிலில். பிறகு தமிழ்நாட்டுக் கவுன்சிலுக்கு மாற்றிப் பதிந்திருப்பார்கள். வெளிநாட்டு அமைப்பு இரண்டு கவுன்சில்களிடமும் விசாரிக்கக்கூடும். பதிவைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தால், அதைச் சரிசெய்யாமல் ஓர் அடிகூட நகர முடியாது.

கவுன்சில் தரும் 'குட் ஸ்டாண்டிங்' சான்றிதழ்தான் இங்கே முக்கியம். 'இவர் எங்களிடம் பதிவு பெற்ற நர்ஸ், இவர்மீது ஒழுங்கு நடவடிக்கை எதுவும் இல்லை' என்பதே அதன் சாரம். பெரும்பாலான நாடுகள் இதைக் கவுன்சிலிடமிருந்து நேரடியாகத்தான் பெற்றுக்கொள்ளும். நம் கையில் வாங்கி, நாமே ஸ்கேன் செய்து அனுப்பினால் செல்லாது.

அடுத்தது 'டிரான்ஸ்கிரிப்ட்'. மார்க் ஷீட் போதாதா என்று பலர் கேட்பார்கள். போதாது. எந்தப் பாடத்தில் எத்தனை மணி நேரம் வகுப்பு, எந்த வார்டில் எத்தனை மணி நேரப் பயிற்சி என்று விவரமாகச் சொல்லும் ஆவணம் அது. அமெரிக்காவின் சில மாநிலங்கள், குறிப்பாகக் கலிஃபோர்னியா, ஒரு பாடத்தின் வகுப்பும் அதற்கான வார்டு பயிற்சியும் ஒரே காலகட்டத்தில் நடந்ததா என்றுகூடப் பார்க்கும். முதல் வருடம் பாடம், மூன்றாம் வருடம் பயிற்சி என்று இருந்தால் குறையாக எழுதிவிடுவார்கள். படித்து முடித்துப் பத்து வருடம் கழித்து, கல்லூரி அலுவலகத்தில் போய் இந்த மணிக்கணக்கைக் கேட்பது எவ்வளவு சிரமம் என்பது அலைந்தவர்களுக்குத்தான் தெரியும். படிப்பை முடிக்கும்போதே இரண்டு மூன்று செட் வாங்கி வைத்துவிடுவது புத்திசாலித்தனம்.

மூன்றாவது முடிச்சு: மூடிப்போன மருத்துவமனை

வளைகுடா நாடுகளுக்குப் போக நினைப்பவர்களுக்கு 'டேட்டாஃப்ளோ' என்ற சொல் அத்துப்படியாக இருக்கும். நாம் கொடுக்கும் சான்றிதழ் உண்மையா என்று, அதை வழங்கிய இடத்திலேயே நேரடியாக விசாரிக்கும் நிறுவனம் அது. கல்லூரி, கவுன்சில், வேலை பார்த்த மருத்துவமனை என மூன்று இடங்களுக்கும் கேள்வி போகும்.

மருத்துவமனையின் அலுவலகத்தில் அந்த மின்னஞ்சலைத் திறக்க ஆள் இல்லாவிட்டால்? நர்ஸிங் ஹோமே மூடப்பட்டிருந்தால்? 'சரிபார்க்க முடியவில்லை' என்று அறிக்கை வரலாம். அப்படி வந்தால், எட்டு வருட அனுபவத்தில் மூன்று வருடம் கணக்கில் இல்லாமல் போகும்.

இதற்கு மருந்து முன்கூட்டியே எடுப்பதுதான். ஒவ்வொரு வேலையை விடும்போதும் லெட்டர்ஹெட்டில் அனுபவச் சான்றிதழ், சேர்ந்த தேதி, விலகிய தேதி, வார்டு, பதவி, கையெழுத்திட்டவரின் பெயர் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்து வாங்கிவிட வேண்டும். அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், சம்பள ரசீது, பி.எஃப் பாஸ்புக், சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கு விவரம் ஆகியவை துணை ஆதாரங்கள். மருத்துவமனை மறைந்துபோனாலும் பி.எஃப் பதிவு மறையாது.

வேலையில் சேரும்போது ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டு, விலகும்போது தர இழுத்தடிக்கும் இடங்களும் உண்டு. ஒரிஜினலைக் காட்டுங்கள், நகலைக் கொடுங்கள். அதற்கு மேல் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. அனுபவத்தில் ஆறு மாதம் குறைகிறதே என்று தெரிந்த மருத்துவமனையில் ஒரு சான்றிதழ் 'ஏற்பாடு' செய்துகொள்ளும் ஆசை சிலருக்கு வரும். பொய் என்று தெரிந்தால் அந்த ஒரு விண்ணப்பத்தோடு போகாது. அறிக்கையில் பதிவாகி, அடுத்து விண்ணப்பிக்கும் இடங்களிலும் கூடவே வரும்.

ஒவ்வொரு காகிதத்துக்கும் ஓர் ஆயுள்

பால் பாக்கெட்டுக்கு இருப்பதுபோல இந்த ஆவணங்களுக்கும் காலாவதித் தேதி உண்டு. ஐ.இ.எல்.டி.எஸ், ஓ.இ.டி போன்ற ஆங்கிலத் தேர்வு மதிப்பெண்களைப் பொதுவாக 2 ஆண்டுகள் வரைதான் ஏற்பார்கள். காவல்துறை நன்னடத்தைச் சான்றிதழ், குட் ஸ்டாண்டிங் சான்றிதழ் போன்றவற்றுக்குச் சில மாதங்கள்தான் உயிர்.

நம் நர்ஸ் செய்த தவறு இங்கேதான். எல்லாரும் சொன்னார்களே என்று முதலில் ஆங்கிலத் தேர்வை எழுதி முடித்துவிட்டார். மதிப்பெண் வந்த நாளிலிருந்து கடிகாரம் ஓட ஆரம்பித்துவிட்டது. பெயர்த் திருத்தம், டிரான்ஸ்கிரிப்ட், கவுன்சில் கடிதம் என்று அலைவதற்குள் ஒரு வருடம் ஓடிப்போனால், கையில் இருப்பது பாதி ஆயுள்தான். மறுபடியும் தேர்வு என்றால் மறுபடியும் கட்டணம், மறுபடியும் லீவு, மறுபடியும் குழந்தை தூங்கிய பிறகு படிப்பு.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் பெயர். அடுத்து டிரான்ஸ்கிரிப்ட், அனுபவச் சான்றிதழ்கள், கவுன்சில் பதிவுப் புதுப்பிப்பு. பிறகு ஆங்கிலத் தேர்வு. கடைசியாக, கேட்கும்போது மட்டும் காவல்துறைச் சான்றிதழ். ஆயுள் நீண்டவை முதலில், குறைந்தவை கடைசியில்.

இங்கிலாந்து: பத்து மேஜைகள்

இங்கிலாந்தில் பதிவு தரும் அமைப்பின் பெயர் நர்ஸிங் அண்டு மிட்வைஃபரி கவுன்சில், சுருக்கமாக என்.எம்.சி. அண்மை ஆண்டுகளில் அங்கே வெளிநாட்டிலிருந்து போய்ப் பதிவு செய்தவர்களில் இந்தியாவில் படித்தவர்களே அதிகம். ஐ.இ.எல்.டி.எஸ் எழுதுபவர்கள் வாசித்தல், கேட்டல், பேசுதல் மூன்றிலும் 7, எழுதுதலில் 6.5 எடுக்க வேண்டும். மருத்துவத் துறைக்கென்றே உள்ள ஓ.இ.டி எழுதினால் மூன்றில் 'பி', எழுதுதலில் 'சி ப்ளஸ்'.

திறன் தேர்வு இரண்டு கட்டம். முதலாவது கம்ப்யூட்டர் தேர்வு, இந்தியாவிலேயே எழுதலாம். மருந்தளவுக் கணக்குகள் ஒரு பகுதி, நர்ஸிங் அறிவு இன்னொரு பகுதி. இரண்டாவது 'ஓஸ்கி' எனப்படும் செய்முறைத் தேர்வு. இதை இங்கிலாந்துக்குப் போய்த்தான் எழுத வேண்டும். கட்டணமே கிட்டத்தட்ட 800 பவுண்டு. நம் பணத்தில் 80,000 ரூபாயைத் தாண்டும். பல மருத்துவமனைகள் இந்தச் செலவை ஏற்கின்றன. ஏற்கிறார்களா, பாதியில் வேலையை விட்டால் திருப்பிக் கேட்பார்களா என்பதை ஒப்பந்தத்தில் படித்துப் பார்ப்பது அவசியம்.

ஓஸ்கியில் மொத்தம் 10 நிலையங்கள். நான்கில் ஒரு நோயாளியை மதிப்பிடுவது, பராமரிப்பைத் திட்டமிடுவது, செயல்படுத்துவது, பலனை ஆராய்வது என நர்ஸிங்கின் நான்கு படிகளைக் காட்ட வேண்டும். நான்கில் செய்முறைத் திறன்கள். மீதி இரண்டும் எழுத்தில்.

அனுபவசாலிகள் இங்கே தடுமாறுவது திறமைக் குறைவால் அல்ல, பழக்கத்தால். நம் ஊரில் நர்ஸ் நேராக வந்து, பாட்டி கையைக் கொடுங்க என்று சொல்லி ஊசியைப் போட்டுவிடுவார். அங்கே முதலில் தன் பெயரைச் சொல்லி, நோயாளி எப்படி அழைக்கப்பட விரும்புகிறார் என்று கேட்டு, பெயரையும் பிறந்த தேதியையும் கைப்பட்டையோடு ஒப்பிட்டு, அலர்ஜி உண்டா என்று விசாரித்து, சம்மதம் வாங்கிய பிறகுதான் தொட வேண்டும். மனதுக்குள் நினைத்தால் மார்க் இல்லை. வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

இந்தத் தேர்வில் பாஸாகிப் பதிவு எண் வரும்வரை, குறைந்த நிலைச் சம்பளத்தில் உதவியாளராகத்தான் வேலை. எண் வந்த பிறகு தேசிய சுகாதாரச் சேவையின் 'பேண்ட் 5' நிலை. 2025-26 கணக்குப்படி இதன் தொடக்கச் சம்பளம் ஆண்டுக்குச் சுமார் 31,000 பவுண்டு. ஒரு விண்ணப்பத்தில் ஓஸ்கி எழுத மூன்று வாய்ப்புகள் மட்டுமே என்பதால், அந்த முதல் சில மாதங்கள் இந்தக் குடும்பங்களில் யாருக்கும் சரியாகத் தூக்கம் இருக்காது.

அங்கே வெளிநாட்டு நர்ஸ்களை எடுப்பது முன்பு போல வேகமாக இல்லை என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். நர்ஸ் வேலை கிடைக்கும் வரை கேர் ஒர்க்கராகப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று சொல்லப்பட்ட குறுக்குவழியும் 2025 ஜூலையோடு அடைக்கப்பட்டுவிட்டது. அந்த வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுக்க முடியாது. இன்னமும் அதைச் சொல்லிப் பணம் கேட்பவர்களிடம் உஷார்!

ஜெர்மனி: மொழிதான் வாசல்

ஜெர்மனிக்கு நர்ஸ்கள் நிறையத் தேவைப்படுகிறார்கள். ஆங்கிலத் தேர்வு வேண்டாம். ஆனால், ஜெர்மன் வேண்டும். பெரும்பாலானோர் பி1 அல்லது பி2 நிலை முடித்துக் கிளம்புகிறார்கள். முழுப் பதிவு கிடைக்க பி2 நிலை அவசியம்.

அங்கே மத்தியில் ஒரே கவுன்சில் என்பது கிடையாது. எந்த மாநிலத்தில் வேலையோ அந்த மாநில அதிகாரிகள் நம் படிப்பைத் தங்கள் படிப்போடு ஒப்பிட்டுப் பார்த்து, எவை குறைகின்றன என்று ஒரு கடிதம் தருவார்கள். அந்தக் குறையை இரண்டு வழிகளில் சரிக்கட்டலாம்: அங்கேயே ஒரு பயிற்சிக் காலத்தை முடிப்பது, அல்லது ஓர் அறிவுத் தேர்வை எழுதுவது. அதுவரை உதவியாளர் பணி, உதவியாளர் சம்பளம்.

கேரள அரசின் நோர்க்கா மூலம் 'டிரிபிள் வின்' என்ற அரசுத் திட்டத்தில் நர்ஸ்கள் ஜெர்மனி போய்க்கொண்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் ஜெர்மன் மொழிப் பயிற்சி அளித்து ஆட்களை அனுப்புகிறது.

மொழி தேர்வுத் தாளோடு முடிவதில்லை. நம் ஊர் மருத்துவமனையில் நோயாளிக்குப் பல் துலக்கிவிடுவதும், கஞ்சி ஊட்டுவதும், உடம்பு துடைத்துவிடுவதும் பெரும்பாலும் கூட இருக்கும் சொந்தக்காரர்கள். அங்கே அந்த வேலையெல்லாம் நர்ஸுடையது. வலிக்கிறதா, எப்படி வலிக்கிறது என்று முதியவர் ஒருவர் வட்டார வழக்கில் முனகுவதைப் புரிந்துகொள்ள பி2-வும் சில நேரம் போதாது.

அமெரிக்காவும் மற்ற நாடுகளும்

அமெரிக்காவுக்கு 'என்கிளெக்ஸ்' தேர்வு. சென்னையிலேயே எழுதலாம். 5 மணி நேரம். குறைந்தது 85, அதிகபட்சம் 150 கேள்விகள். நீங்கள் சரியாகப் பதில் சொல்லச் சொல்ல அடுத்த கேள்வி கடினமாகும். அதனால் 85-வது கேள்வியிலேயே திரை அணைந்தால் பதறத் தேவையில்லை. பாஸா ஃபெயிலா என்று கம்ப்யூட்டர் முடிவெடுத்துவிட்டது என்றுதான் அர்த்தம். படிப்பை மதிப்பிட்டுத் தரும் சி.ஜி.எஃப்.என்.எஸ் அமைப்பு 2025-ல் 'ட்ரூமெரிட்' என்று பெயர் மாற்றிக்கொண்டது. பழைய பெயரைச் சொல்லித் தேடிக் குழம்ப வேண்டாம்.

தேர்வு பாஸானாலும் அமெரிக்கா உடனே இல்லை. இந்தியாவில் பிறந்தவர்களுக்கு நர்ஸ்கள் போகும் கிரீன் கார்டு பிரிவில் காத்திருப்பு பத்து வருடத்தைத் தாண்டுகிறது. சீக்கிரம் அனுப்பிவிடுகிறேன் என்று யாராவது சொன்னால், எப்படி என்று எழுத்தில் கேளுங்கள்.

வளைகுடாவில் டேட்டாஃப்ளோ சரிபார்ப்போடு, பெரும்பாலும் 'புரோமெட்ரிக்' கம்ப்யூட்டர் தேர்வும் உண்டு. துபாய்க்கு ஒரு அமைப்பு, அபுதாபிக்கு வேறு அமைப்பு, சவூதிக்கு இன்னொன்று. ஓரிடத்து உரிமம் பக்கத்து ஊருக்கு அப்படியே செல்லாது. பொதுவாக 2 ஆண்டு அனுபவத்தை எதிர்பார்ப்பார்கள். நடுவில் வேலை பார்க்காத இடைவெளி இருந்தால் கேள்வி வரும். குழந்தைப்பேறுக்காக வேலையை விட்டவர்கள், திரும்பச் சேர்ந்து கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டு விண்ணப்பிப்பது பாதுகாப்பு.

ஆஸ்திரேலியாவில் ஒரு நல்ல செய்தி. இங்கிலாந்து, அயர்லாந்து, அமெரிக்கா, சிங்கப்பூர் போன்ற சில நாடுகளில் பதிவு பெற்று 1,800 மணி நேரம் வேலை பார்த்தவர்களுக்கு, 2025 முதல் எளிமையான பாதை திறக்கப்பட்டிருக்கிறது. ஒரு நாட்டில் பதிவு வாங்கினால் அது அடுத்த நாட்டுக்கும் சாவியாகலாம்.

ஏஜென்ட் எத்தனை வாங்கலாம்?

இந்தக் கேள்விக்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. மத்திய அரசிடம் பதிவு பெற்ற ஏஜென்ட் ஒருவர் வேலைக்கு அனுப்பச் சேவைக் கட்டணமாக அதிகபட்சம் 30,000 ரூபாயும், அதற்கான ஜி.எஸ்.டி-யும்தான் வாங்கலாம். ரசீது தர வேண்டும்.

2015-ல் கேரளாவில் வெளியான குவைத் நர்ஸ் ஆள்சேர்ப்பு மோசடியை நினைவிருக்கிறதா? 19,500 ரூபாய் வாங்க வேண்டிய இடத்தில் ஒவ்வொருவரிடமும் 19.5 லட்சம் ரூபாய் வரை வாங்கியதாக சி.பி.ஐ வழக்குப் பதிந்தது. வீட்டை அடமானம் வைத்தும் நகையை விற்றும் புரட்டிய பணம்தான் பெரும்பாலும் இப்படிப் போகிறது.

அதே ஆண்டில், சவூதி, குவைத், அமீரகம், கத்தார் உள்ளிட்ட 18 நாடுகளுக்குப் போகும் இந்திய நர்ஸ்களுக்குக் குடியேற்ற அனுமதியை மத்திய அரசு கட்டாயமாக்கியது. ஆள்சேர்ப்பை அரசு நிறுவனங்கள் வழியாக நடத்த உத்தரவிட்டது. தமிழ்நாட்டில் அந்தப் பொறுப்பைப் பெற்றது 1978-ல் தொடங்கப்பட்ட, சென்னையில் இயங்கும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம்.

ஓர் ஏஜென்ட் உண்மையானவரா என்று 'இ-மைகிரேட்' இணையதளத்தில் பதிவு எண்ணைப் போட்டு நீங்களே பார்க்கலாம். சந்தேகம் இருந்தால் வெளியுறவு அமைச்சகத்தின் உதவி எண் 1800-11-3090-ஐ அழைக்கலாம். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம், தேர்வை வேறொருவர் எழுதுவார், பாஸ்போர்ட்டை எங்களிடமே விட்டுவிடுங்கள்... இந்த மூன்றில் ஒன்றைக் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். 2023-ல் நைஜீரியாவில் ஒரு தேர்வு மையத்தில் முறைகேடு சந்தேகம் எழுந்தபோது, அங்கே எழுதிய சுமார் 2,000 பேரின் தேர்வு முடிவுகளை என்.எம்.சி கேள்விக்குள்ளாக்கியது. நேர்மையாக எழுதியவர்களும் அதில் சிக்கி அலைந்தார்கள்.

ஏன் இவ்வளவு பாடு?

உச்ச நீதிமன்ற உத்தரவின்படி அமைக்கப்பட்ட குழு ஒன்று, 50 படுக்கைகளுக்குக் குறைவான தனியார் மருத்துவமனைகளிலும் நர்ஸ்களுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் தர வேண்டும் என்று 2016-லேயே பரிந்துரைத்தது. அந்தத் தொகையை இன்னும் எட்டாத நர்ஸ்கள் எத்தனையோ பேர். கல்விக்கடன், தங்கையின் கல்யாணம், பாதியில் நிற்கும் வீடு என்று அந்த ஃபைலின் பின்னால் ஒரு குடும்பமே நிற்கிறது.

அதனால்தான் வீட்டில் இருப்பவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சர்ட்டிஃபிகேட் வாங்க ஒரு நாள் பெங்களூர் போய்வர வேண்டும் என்றால், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். தேர்வுக்கு முந்தைய இரண்டு மாதம் சமையலறைப் பக்கம் அவர் வராமல் இருக்க, வேறு யாராவது அங்கே நிற்க வேண்டும். போன பிறகும், துணையையும் குழந்தையையும் எப்போது அழைத்துக்கொள்ள முடியும் என்பதை விசா விதிகளைப் பார்த்து முன்பே பேசி முடிவெடுங்கள். விமான நிலையத்தில் கண்ணீரோடு பேச வேண்டிய விஷயம் அல்ல அது.

கையில் இருக்கட்டும்

* பெயர் எல்லா ஆவணங்களிலும் ஒன்றா? இல்லையென்றால், இணைக்கும் ஆதாரம் இருக்கிறதா?
* டிரான்ஸ்கிரிப்ட், மணிக்கணக்கு விவரத்தோடு குறைந்தது இரண்டு செட்.
* ஒவ்வொரு வேலைக்கும் அனுபவச் சான்றிதழ், பி.எஃப் பதிவு.
* மாநில கவுன்சில் பதிவு நடப்பில் இருக்கிறதா?
* எல்லாவற்றின் ஸ்கேன் நகலும் மின்னஞ்சலில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று.
* ஒவ்வொரு ஆவணத்தின் காலாவதித் தேதியும் காலண்டரில்.
* கட்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது.

கடைசியாக ஒன்று. வெளிநாட்டுப் பதிவு எண் கிடைத்த சந்தோஷத்தில் இங்குள்ள கவுன்சில் பதிவைக் கைவிட்டுவிடாதீர்கள். அங்கே இருந்தாலும் காலாகாலத்தில் புதுப்பித்துக்கொள்ளுங்கள். வயதான பெற்றோருக்காகவோ, பிள்ளையின் படிப்புக்காகவோ ஊர் திரும்பும் நாள் வரலாம். அன்றைக்கு மறுபடியும் நம் ஊர் வார்டில் நிற்க அந்தப் பழைய எண்தான் வேண்டும்.

நம் நர்ஸ் அந்த ஃபைலை மூடிவிடவில்லை. மேஜையில் பரப்பி வைத்து, ஒரு வெள்ளைத்தாளில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு எழுதுகிறார். முதல் வரி: 'பெயர்'. இரண்டாவது வரி: 'பி.எஃப்'. பக்கத்தில் மகள், பாஸ்போர்ட்டில் இருக்கும் அம்மாவின் போட்டோவைக் காட்டி, ஏன் இதில் சிரிக்கவில்லை என்று கேட்கிறாள். இந்தப் பட்டியலில் எல்லாவற்றுக்கும் டிக் விழுந்த பிறகு எடுக்கும் போட்டோவில், நிச்சயம் சிரிப்பார்.